பிறக்கும் முறையும் குழந்தையின் வாய்நலமும்

பிறந்த குழந்தையின் வாயில் பல் இல்லை. எனினும் பல்நலத்தின் தொடக்கம் அன்றே நிகழ்கின்றது. சுகப்பிரசவத்தில் தாயின் பிறப்புவழியிலும் குடலிலும் வாழும் நுண்ணுயிர்கள் குழந்தையின் வாயை முதலில் அடைகின்றன. சிசேரியன் எனப்படும் அறுவை மகப்பேற்றிலோ, பெரும்பாலும் தோலிலும் சூழலிலும் உள்ளவையே முதலில் வந்து சேருகின்றன.

அறுவை மகப்பேறு இன்று அரிதான ஒன்றன்று. தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறத்தாழ 45 அம்முறையில் நிகழ்ந்தன என 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகின்றது. மியான்மரில் 2015–16இல் அது 100க்கு 17 ஆக இருந்தது. ஆகவே மாவ்பியில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் இதனை அறிந்திருத்தல் நன்று.

ஆய்வுகள் கூறுவன

சுவீடனில் 3 மாதக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளிவந்த ஆய்வில், சுகப்பிரசவத்தில் பிறந்தோரின் வாயில் கூடுதலான நுண்ணுயிர் வகைகள் காணப்பட்டன. அமெரிக்காவில் 2005இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, பற்சொத்தைக்கு முதன்மைக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்னும் நுண்ணுயிரைப் பற்றியது. சுகப்பிரசவக் குழந்தைகளிடம் அது சராசரியாக 28.8 மாதத்திலும், அறுவை மகப்பேற்றுக் குழந்தைகளிடம் 17.1 மாதத்திலும் தோன்றிற்று. இடைவெளி ஏறத்தாழ ஓராண்டு.

இந்நுண்ணுயிர் சர்க்கரையை உண்டு அமிலத்தை வெளியிடுகின்றது. அவ்வமிலம் பல்லின் மேற்பூச்சை அரிக்கின்றது. அது எவ்வளவு முன்னதாக வாயில் குடியேறுகின்றதோ, அவ்வளவு முன்னதாகச் சொத்தை தோன்றும் வாய்ப்பும் மிகுகின்றது.

தாய் வருந்த வேண்டுவதில்லை

அறுவை மகப்பேறு தேவைப்படும் வேளையில் அது தாயையும் சேயையும் காக்கின்றது. பல்லுக்கு அஞ்சி அதனை மறுத்தல் பெருந்தவறாகும். அம்முறையில் பிறந்த குழந்தைக்குச் சொத்தை விதிக்கப்பட்டதும் அன்று. முன்னதாகவே கவனம் தேவை என்பதே பொருள். மியூட்டன்ஸ் பெரும்பாலும் தாயின் உமிழ்நீர் வழியாகவே குழந்தையை அடைகின்றது. அவ்வழியைக் குறுக்குவது குடும்பத்தாரின் கையில் உள்ளது.

வீட்டில் செய்யத்தக்கன

1. கருவுற்ற காலத்திலேயே தாய் தன் சொத்தைப் பற்களுக்கு மருத்துவம் செய்துகொள்ளுதல் வேண்டும்.

2. முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும். பெரியோர் விரலில் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கம் அன்பின் அடையாளமே. ஆயினும் சர்க்கரைநீரும் பிறர் வாய்நுண்ணுயிரும் சேருவதற்கு அது வழியாகலாம். தேனை ஓராண்டு நிறையும்வரை நாவில் தடவுதலும் ஆகாது. பெரியோர் குழந்தையை வாழ்த்தி ஏந்துதலே போதுமானது.

3. சோற்றை மென்று ஊட்டுதல், குழந்தையின் கரண்டியைத் தன் வாயிலிட்டுச் சுவை பார்த்தல், கீழே விழுந்த சூப்பானை நக்கித் தருதல் ஆகியவற்றைத் தவிர்த்தல் வேண்டும்.

4. பல் முளைக்குமுன் தூய ஈரத்துணியால் ஈறுகளைத் துடைத்தல் நன்று. ஏறத்தாழ 6ஆம் மாதத்தில் முதற்பல் தோன்றியதும், அரிசிமணி அளவு ஃபுளோரைடு பற்பசையால் நாளும் இருமுறை துலக்குதல் வேண்டும்.

5. இனிப்பு கட்டிப்பால் கலந்த புட்டியுடன் குழந்தையை உறங்கவிடுதல் கூடாது.

எப்போது காட்டுவது?

9ஆம் மாதத்திலும் 18ஆம் மாதத்திலும் தட்டம்மைத் தடுப்பூசிக்காகக் குழந்தை சுகாதார நிலையத்திற்குக் கொண்டுசெல்லப்படுகின்றது. அவ்வேளைகளில் மேலுதட்டை உயர்த்திப் பற்களையும் பார்க்குமாறு மருத்துவச்சியிடம் கேட்கலாம். குழந்தை எம்முறையில் பிறந்தது என்பதையும் கூறுதல் நலம். ஈற்றையொட்டி வெண்கோடு தென்பட்டால் அது சொத்தையின் முதல் அறிகுறி. அந்நிலையில் பல்லைக் காப்பாற்ற இயலும். பழுப்பேறிக் குழியான பின்னரோ, மருத்துவமும் வலியும் மிகும். ஆதலின் குழந்தையின் முதற் பிறந்தநாளுக்குள் ஒருமுறையேனும் பல் மருத்துவரிடம் காட்டிவிடுதல் சிறப்பு.