பூச்சு ஏறுவதற்கு முன்னால் பார்

அன்புள்ள கார்த்திக்,

போரூரில் ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். ரொம்பச் சந்தோஷம். "சி.எம்.டி.ஏ.க்காரர்கள்தான் வந்து பார்ப்பார்களே, நான் வேறு தனியாக இன்ஜினீயர் வைத்துச் செலவழிப்பானேன்?" என்று நீ கேட்டதாகவும் சொன்னாள். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

கட்டட அனுமதி தருகிற சி.எம்.டி.ஏ.க்காரர்கள் வந்து பார்ப்பது கட்டாயம்தான். பணி நிறைவுச் சான்றிதழ் இல்லாவிட்டால் உன்னுடையதைப் போன்ற பெரிய அடுக்குமாடிக்குக் கரண்ட் கனெக்‌ஷன் கிடைக்காது. 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் டேப்பைப் பிடித்து அவர்கள் அளப்பது சுற்றிலும் விட்ட இடம், உயரம், மாடிக் கணக்கு, கார் நிறுத்துமிடம். வரைபடத்தை மீறிக் கட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். உன் தலைக்கு மேலே இருக்கிற ஸ்லாபில் கம்பி எப்படிக் கிடக்கிறது என்று யாரும் பார்க்கமாட்டார்கள். அதற்கு, பில்டர் அமர்த்திய ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரின் கையெழுத்தே போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

நீ வாங்கியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் மவுலிவாக்கம். 2014 ஜூன் 28-ஆம் தேதி, கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலும் பிழைப்புக்கு வந்த கூலித் தொழிலாளர்கள். அதுவும் அனுமதி வாங்கிக் கட்டிய கட்டடம்தான். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

என்னைக் கேட்டால், கான்கிரீட் போடுவதற்கு முன்னால் பில்டரிடம் சம்பளம் வாங்காத ஒருவர் ஒவ்வொரு தளத்தையும் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும் என்று சட்டமே வரவேண்டும். வசதி உள்ளவன் விருப்பப்பட்டால் சோதித்துக்கொள்ளட்டும் என்று விடுவது சரியில்லை. ஒரே தூண்தானே எல்லார் வீட்டையும் தாங்குகிறது? சட்டம் வருகிறவரைக்கும் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எப்போது பார்ப்பது என்பதுதான் முக்கியம். சாவி வாங்கும் நாளில் கூப்பிட்டால் இன்ஜினீயர் டைல்ஸைத் தட்டிப் பார்ப்பார், பாத்ரூமில் தண்ணீர் கட்டி ஒழுகலைப் பார்ப்பார். அதுவும் தேவைதான். ஆனால் உயிரான விஷயம் எல்லாம் அதற்குள் பூச்சுக்கு அடியில் போயிருக்கும். கம்பி கட்டி முடித்த அன்றைக்குப் போ. கம்பிக்கும் சென்ட்ரிங் பலகைக்கும் நடுவில் கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா பார். ஸ்லாபுக்கு 20 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும், தூணுக்கு 40. பல சைட்டில் ஜல்லித் துண்டை முட்டுக்கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். மேலே ஆள் நடந்ததும் அது நழுவும், கம்பி பலகையோடு படுத்துவிடும். பலகையைப் பிரித்ததும் சிமெண்டைத் தடவி மறைத்துவிடலாம். பிறகு ஈரம் ஏறி, கம்பி துருப்பிடித்து ஊதி, கான்கிரீட் பெயர்ந்து விழும். கியூப் டெஸ்ட் ரிப்போர்ட்டையும் கேள். எம்25 கான்கிரீட் என்றால் 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டனாவது தாங்கியிருக்க வேண்டும்.

ரெரா சட்டம் இருக்கிறதே என்பாய். வீடு கைக்கு வந்து 5 வருடத்துக்குள் குறையைச் சொன்னால், 30 நாளில் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். உண்மைதான். ஆனால் துரு வெளியே தெரிய அதைவிட அதிக நாள் பிடிக்கலாம்.

அதே சட்டப்படி, வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பணம் வாங்குவதற்கு முன்னால் பில்டர் ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும். நீ இன்னும் கையெழுத்துப் போடவில்லை, அதனால் வாய்ப்பு இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் உன் இன்ஜினீயர் வந்து பார்க்கலாம் என்று ஒரு வரி எழுதி வாங்கு. தனியாகக் கேட்டால் மழுப்புவார்கள். கூட வாங்கியிருக்கும் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொள், இன்ஜினீயர் செலவும் பங்காகிவிடும்.

ஒப்பந்த நகலை முதலில் எனக்கு அனுப்பு. நான் படித்துப் பார்த்துச் சொல்கிறவரைக்கும் கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
மாமா