ஒடிந்த ஏரியலும் ஒரு துண்டுத் தோலும்

சென்னை ரெயின்போ 101.4, காஞ்சிபுரம் தாண்டியதுமே இளைக்க ஆரம்பிக்கும். பெங்களூரு 101.3 காதில் விழ கிருஷ்ணகிரிக்கு மேலே ஏறியாக வேண்டும். நடுவில் இருக்கும் எங்கள் ஊர்ப் பக்கம் ஜவ்வாது மலையும் ஏலகிரியும் எஃப்.எம். அலையை மறிக்கின்றன. அதனால் வேலூர், ஆம்பூர்க்காரர்களுக்கு ஒரு சங்கடம்: காரில் ஏரியல் ஒடிந்தாலும் தெரியாது. 'இங்கே எப்பவும் இப்படித்தான் கரகரக்கும்' என்று விட்டுவிடுவோம். உள்ளூர் எஃப்.எம். ஒடிந்த கம்பியிலும் ஓரளவு பாடிவிடும். கார் கவரை இழுத்தபோது என் ஏரியல் அடியோடு முறிந்திருக்கிறது. எனக்கு அது தெரிய இரண்டு மாதம் ஆனது.

கடைக்குப் போகும் முன் எது ஒடிந்தது என்று பாருங்கள். நட்டுக்கொண்டு நிற்கும் கம்பி, அது திருகி நிற்கும் பேஸ், பேஸிலிருந்து செட்டுக்குப் போகும் கேபிள் என்று மூன்று பாகம் உண்டு. பெரும்பாலும் கெட்டுப்போவது கம்பி மட்டும்தான். நம்ம ஊர் வெயிலில் அதன் ரப்பர் உறை வெடித்து, மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, கம்பிச் சுருள் அரித்துப்போகும்.

சோதிக்க ஒரு எளிய வழி. ரேடியோவைப் போட்டு, சுமாராகக் கேட்கும் ஒரு நிலையத்தில் வையுங்கள். சுமார் 75 சென்டிமீட்டர் நீள ஒயரின் நுனியைச் சீவி, பேஸில் மீதி நிற்கும் உலோகத்தில் தொட்டு, ஒயரை நேராகத் தூக்கிப் பிடியுங்கள். பாட்டு சட்டென்று தெளிந்தால் பேஸும் கேபிளும் நன்றாக இருக்கின்றன. கம்பி வாங்கினால் போதும். ஏன் 75? எஃப்.எம். அலையின் நீளம் 100 மெகாஹெர்ட்ஸில் 3 மீட்டர். அதில் கால்வாசிக் கம்பி அலையை நன்றாகப் பிடிக்கும். அந்தக் காலக் கார்களில் இழுத்து நீட்டும் நீளக் கம்பி இருந்தது இதற்காகத்தான். இப்போது கூரைமேல் நிற்கும் குட்டிக் கம்பிக்குள் அந்த நீளத்தைச் சுருளாகச் சுற்றி வைத்திருக்கிறார்கள். பல கார்களில் பேஸுக்குள் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரும் இருக்கும்.

கடையில் சுறாத் துடுப்பு மாதிரி ஒன்றைக் காட்டி, 'ஒட்டினா போதும் சார்' என்பார்கள். மலிவானவற்றில் பல வெறும் பிளாஸ்டிக் மூடி. அழகுக்கு வேண்டுமானால் வாங்குங்கள், பாட்டுக்கு வேண்டாம். பழைய கம்பியைக் கையோடு எடுத்துப்போய் மரை பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். எம்5, எம்6 இரண்டும் புழக்கத்தில் உண்டு. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும்.

என் கம்பி திருகோடு முறிந்து, மரை பேஸுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. குறடால் பிடித்தால் வழுக்கியது, கூரையின் பெயிண்டையும் சுரண்டியது. ஷூ கம்பெனியில் கட்டிங் பார்க்கும் பக்கத்து வீட்டு பாய் ஒரு வெட்டுத்தோல் துண்டைக் கொண்டுவந்தார். துருவிளக்கி எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுப் பத்து நிமிஷம் பொறுத்தோம். குறடின் வாயில் தோலைச் சுற்றி இடப்பக்கம் திருப்பியதும் அசைந்து வந்துவிட்டது. மேலே பிடிக்க ஒன்றும் இல்லையென்றால், ஹாக்ஸா பிளேடு நுனியால் முறிந்த மரையில் ஒரு கோடு அறுத்து, ஸ்குரூ டிரைவர் வைத்துத் திருப்பலாம். புதுக் கம்பியைக் கையால் மட்டும் முறுக்குங்கள்.

பேஸ் போயிருந்தால் அரை நாள் வேலை. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பெரும்பாலும் 10 நம்பர் ஸ்பேனர் போதும். சில செட்டுகள் மறுபடி மின்சாரம் வந்ததும் கோட் எண் கேட்கும், அதை முன்பே தேடி வையுங்கள். கூரை விளக்கைக் கழற்றினால் பல கார்களில் பேஸின் நட்டு தெரியும். இல்லையென்றால் டாப் லைனிங்கைக் கொஞ்சம் இறக்க வேண்டும். மடக்கிவிடாதீர்கள், மடிப்பு விழுந்தால் போகாது. கண்ணாடி ஓரத் தூணில் ஏர்பேக் என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கம் கைவைக்காமல் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

பழைய கேபிளை வெறுமனே உருவாதீர்கள். அதன் நுனியில் நைலான் கயிறு கட்டி உருவினால் அது போன வழியில் கயிறு நிற்கும். அதில் புதுக் கேபிளைக் கட்டி இழுத்தால் தானே வந்துவிடும்.

அடுத்தது எர்த். அவசரத்தில் நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். பேஸின் பல் வைத்த வாஷர் கூரையின் உள்பக்கத் தகட்டைக் கடிக்க வேண்டும். அந்த இடத்தில் மட்டும் பெயிண்டைச் சுரண்டி, நட்டை இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் செட்டிலிருந்து பிளக்கை உருவி, பிளக்கின் வெளி வளையத்தையும் காரின் பாடியையும் தொடுங்கள்: பீப் கேட்க வேண்டும். நடு ஊசியையும் வெளி வளையத்தையும் தொட்டால் கேட்கக் கூடாது. ஆம்ப்ளிஃபயர் உள்ள பேஸில் இந்த இரண்டாவது சோதனை செல்லாது. அந்த வகைக்கு 12 வோல்ட்டும் போக வேண்டும். புது செட் மாட்டியவர்கள் பின்னால் தொங்கும் நீல ஒயரை இணைக்காமல் விட்டு, ஏரியலைத் திட்டுவது சகஜம்.

கூரைக்கும் பேஸுக்கும் நடுவே பெட்டியில் வரும் ரப்பரையே போடுங்கள். நான் பேஸை மாட்டியபோது சாமர்த்தியமாக பாய் கொடுத்த தோலில் வட்டமாக வாஷர் வெட்டிப் போட்டேன். முதல் மழைக்கே வெள்ளைக் கூரையில் கறுப்பு வளையம். பாய் பார்த்துச் சிரித்தார்: "சார், அது கடுக்காய்ல பதம் போட்ட தோல். ஈரத்துல இரும்பு பட்டா மை ஆயிடும்." பட்டை, கடுக்காயில் பதப்படுத்திய தோலிலுள்ள டேனின் இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். ஒரு காலத்தில் எழுதும் மையே இப்படித்தான் செய்தார்கள். குரோமில் பதப்படுத்திய தோலாக இருந்தாலும் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, சுரண்டிய இடத்தைத் துருவாக்கிவிடும்.

கடைசியாக ஒரு குடம் தண்ணீரைக் கூரைமேல் ஊற்றி, அரை மணி கழித்து விளக்கு ஓட்டைக்குள் விரல் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் லைனிங்கை மூடிவிடலாம்.