பெட்டி இங்கே, சரக்கு எங்கே?



மூட்டையின் மேல் 50 கிலோ என்று போட்டிருந்தால் உள்ளே 50 கிலோ இருக்க வேண்டும். குறைந்தால் வாடிக்கையாளர் ஆலைக்குப் போய்க் கேட்க மாட்டார். நம் கடைக்குத்தான் வருவார். அரிசிக்கும் எண்ணெய்க்கும் ஜவுளிக்கும் இதுதான் வழக்கம். ஆனால் இன்று ஒரு பண்டத்தில் மட்டும் இந்த வழக்கம் தலைகீழாக மாறி வருகிறது. பெட்டி அழகாக இருக்கிறது, முழு விலையும் வாங்கப்படுகிறது, உள்ளே டிஸ்க்கும் இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டால், "மீதியை இன்டர்நெட்டில் டவுன்லோட் செய்துகொள்ளுங்கள்" என்கிறது.

கணினி விளையாட்டுகளையும், தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் விளையாட்டுக் கருவிகளுக்கான டிஸ்க்குகளையும்தான் சொல்கிறோம். எலெக்ட்ரானிக்ஸ் சரக்கு வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். மற்றவர்களும் படிக்க வேண்டுகிறோம். பொட்டலத்துக்கும் பண்டத்துக்கும் உள்ள உறவு அறுந்தால் நடுவில் நிற்கும் வியாபாரியின் கதி என்ன என்ற பாடம் இதில் இருக்கிறது.

முன்பு இருந்த நிலை

ஆரம்ப காலத்தில் விளையாட்டு என்பது ஒரு பிளாஸ்டிக் கட்டை. அதைக் கருவியில் செருகினால் ஆட்டம் ஓடும். பிறகு சி.டி. வந்தது, ஒரு சி.டி.யில் ஏறக்குறைய 650 முதல் 700 எம்.பி. வரை கொள்ளும். 2000ஆம் ஆண்டில் வந்த பிளேஸ்டேஷன் 2 கருவி டி.வி.டி.யைப் படித்தது, ஓரடுக்கு டி.வி.டி.யின் கொள்ளளவு 4.7 ஜி.பி. 2006இல் வந்த பிளேஸ்டேஷன் 3 ப்ளூ-ரே டிஸ்க்கைக் கொண்டுவந்தது. அதில் ஓரடுக்குக்கு 25 ஜி.பி., ஈரடுக்குக்கு 50 ஜி.பி. இன்றைய பிளேஸ்டேஷன் 5 கருவி 100 ஜி.பி. வரை கொள்ளும் டிஸ்க்கைப் படிக்கும்.

பாத்திரம் பெரிதாகிக்கொண்டே வந்திருப்பதைக் கவனிக்கவும். ஆகவே "இடம் இல்லை, அதனால்தான் உள்ளே வைக்கவில்லை" என்ற சமாதானம் எல்லா இடத்திலும் செல்லாது.

சரக்கு பெட்டியை விட்டு வெளியேறிய விதம்

இந்த மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 2004 நவம்பரில் வால்வ் நிறுவனம் ஹாஃப்-லைஃப் 2 என்ற கணினி விளையாட்டை வெளியிட்டது. கடையில் பெட்டியாக வாங்கினவரும் ஸ்டீம் என்ற அந்நிறுவனத்தின் இணைய சேவையில் பதிந்து அனுமதி பெற்ற பிறகே ஆட முடிந்தது. சரக்கு கையில் இருந்தது, பூட்டின் சாவி மட்டும் உற்பத்தியாளரிடம் இருந்தது.

பதினோரு ஆண்டுகளில் சரக்கும் போயிற்று. 2015இல் மெட்டல் கியர் சாலிட் 5 விளையாட்டின் கணினிப் பதிப்பை வாங்கினவர்கள் டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தால், ஸ்டீம் சேவையை நிறுவும் சில எம்.பி. அளவுள்ள நிரல் மட்டுமே இருந்தது. விளையாட்டு முழுவதையும் டவுன்லோட் செய்ய வேண்டியிருந்தது.

2022இல் வந்த கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் இரண்டாம் பாகத்தின் பிளேஸ்டேஷன் 5 டிஸ்க்கில் இருந்தது சுமார் 70 எம்.பி. மட்டுமே. அந்தக் கருவி படிக்கும் டிஸ்க்கில் 100 ஜி.பி. வரை நிரப்பலாம் என்று மேலே சொன்னோம். நம் கணக்கில் சொன்னால், 100 கிலோ பிடிக்கும் கோணியில் 70 கிராம் போட்டுத் தைத்து அனுப்பியது போல. 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் டிஸ்க்கிலும் நூறு எம்.பி.க்குக் குறைவாகவே இருந்தது.

2025 ஜூன் 5 அன்று நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 கருவி வெளிவந்தபோது இதற்கு முறையான பெயரே வைத்துவிட்டார்கள்: கேம்-கீ கார்டு. அந்த அட்டையில் விளையாட்டு இல்லை, அதைத் திறக்கும் சாவி மட்டுமே இருக்கிறது. அட்டையைச் செருகி, இன்டர்நெட்டில் விளையாட்டை இறக்கிக்கொள்ள வேண்டும். முதல் தடவை ஆடத் தொடங்கும்போது இணைய இணைப்பு வேண்டும். அதன்பின் இணைப்பு இல்லாமலும் ஆடலாம், ஆனால் அட்டை உள்ளேயே இருக்க வேண்டும்.

நான்கு வகையாகப் பிரித்துப் பார்ப்போம்

நம் தொழிலில் கிடங்கு ரசீது என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். ரசீது கையில் இருக்கும், சரக்கு கிடங்கில் இருக்கும். கிடங்கு திறந்திருக்கும் வரை ரசீதுக்கு மதிப்பு. பூட்டிவிட்டால் அது வெறும் காகிதம். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டால் இன்று விற்கும் விளையாட்டுப் பெட்டிகளை எளிதாக இனம் பிரிக்கலாம்.

1. முழுச் சரக்கு: விளையாட்டு முழுவதும் டிஸ்க்கிலோ அட்டையிலோ இருக்கிறது. திருத்தங்கள் இன்டர்நெட்டில் வரலாம். அவை இல்லாமலும் ஆட்டம் ஓடும்.

2. அரைச் சரக்கு: ஒரு பகுதி உள்ளே, மீதி டவுன்லோட். 2015இல் வந்த டோனி ஹாக்ஸ் ப்ரோ ஸ்கேட்டர் 5 என்ற விளையாட்டில், வெளியான அன்றே இறக்க வேண்டியிருந்த பகுதி டிஸ்க்கில் இருந்ததைவிடப் பெரியதாக இருந்தது.

3. ரசீது மட்டும்: கேம்-கீ கார்டும், 70 எம்.பி. டிஸ்க்கும் இந்த வகை. ஆனால் ரசீதைக் கைமாற்றலாம். இன்று வாங்கியவர் நாளை இன்னொருவருக்கு விற்றால் அவரும் இறக்கி ஆடலாம்.

4. எண் சீட்டு: பெட்டிக்குள் டிஸ்க்கே இல்லை, ஒரு சீட்டில் எண் மட்டும் இருக்கும். ஒருவர் ஒரு தடவை பயன்படுத்தியதும் அது செத்துவிடும். மறுவிற்பனை கிடையாது.

நான்கும் பெரும்பாலும் ஒரே மாதிரிப் பெட்டியில் வருகின்றன. விலையிலும் அந்த அளவுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

வாடிக்கையாளர் படும் பாடு

தீபாவளிக்குப் பையனுக்கு ஒரு விளையாட்டு வாங்கித் தரும் தகப்பனாரை நினைத்துப் பாருங்கள். அளவு 100 ஜி.பி. என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் நொடிக்கு 40 மெகாபிட் வேகமுள்ள இணைப்பு இருந்தால் ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம் ஆகும். 10 மெகாபிட் வேகம்தான் என்றால் 22 மணி நேரம். செல்போனில் நாளுக்கு 2 ஜி.பி. தரும் திட்டத்தை மட்டும் நம்பியிருக்கும் வீடாக இருந்தால் 50 நாள். தீபாவளிக்கு வாங்கியதைப் பையன் மார்கழியில்தான் ஆட முடியும்.

இத்தோடு முடியவில்லை, இறக்கியதை வைக்க இடமும் வேண்டும். ஸ்விட்ச் 2 கருவிக்குள் இருப்பது 256 ஜி.பி. நான்கைந்து பெரிய விளையாட்டுகளிலேயே அது நிரம்பிவிடலாம். பிறகு தனி மெமரி கார்டு வாங்க வேண்டும். அதிலும் இந்தக் கருவியில் விளையாட்டுகளை வைக்க மைக்ரோ எஸ்.டி. எக்ஸ்பிரஸ் என்ற புதிய வகைதான் உதவும். வீட்டில் கிடக்கும் பழைய கார்டு உதவாது. ஆக, உற்பத்தியாளர் சிக்கனம் செய்த செலவு டேட்டாவாகவும் மெமரி கார்டாகவும் வாங்குபவர் தலையில் வந்து விழுகிறது.

உற்பத்தியாளர் பக்க நியாயம்

ஒரு பக்கம் மட்டும் பேசுவது வியாபாரிக்கு அழகல்ல. டிஸ்க் அச்சடிக்கும் வேலை வெளியீட்டுக்குச் சில வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அதற்குப் பிறகும் பிழைகளைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். அந்தத் திருத்தம் இன்டர்நெட் வழியாகத்தான் வந்தாக வேண்டும். ஸ்விட்ச் கருவிக்கான அட்டைகள் டிஸ்க்கைவிட அடக்கவிலை கூடியவை. கொள்ளளவு ஏற ஏற விலையும் ஏறும். இவை உண்மையான காரணங்கள்தான்.

ஆனால் மனம் இருந்தவர்கள் வழி கண்டார்கள். 2018இல் ரெட் டெட் ரிடம்ப்ஷன் 2 விளையாட்டை பிளேஸ்டேஷன் 4 கருவிக்கு இரண்டு டிஸ்க்குகளாகப் போட்டுக் கொடுத்தார்கள். 2025இல் சைபர்பங்க் 2077 விளையாட்டை ஸ்விட்ச் 2 கருவிக்கு 64 ஜி.பி. அட்டையில் முழுதாக வைத்து விற்றார்கள். ஆகவே முழுச் சரக்கு கொடுக்கவே முடியாது என்று எல்லோரும் சொல்லிவிட முடியாது.

கிடங்கை மூடிவிட்டால்?

காத்திருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. யுபிசாஃப்ட் நிறுவனம் 2014 டிசம்பரில் தி க்ரூ என்ற கார் பந்தய விளையாட்டை வெளியிட்டது. தனியாக ஆடினாலும் நிறுவனத்தின் சர்வரோடு தொடர்பு இருந்தால்தான் அது ஓடும். 2024 மார்ச் 31 அன்று அந்த சர்வரை நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கும் பயனற்றுப் போயிற்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

இதை எதிர்த்து ஐரோப்பாவில் எழுந்த மக்கள் மனு 2025 ஜூலையில் பத்து லட்சம் கையொப்பங்களைத் தாண்டியது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. டிஜிட்டல் பண்டங்களை விற்கும்போது, கொடுப்பது உரிமம் மட்டுமே என்றால், அதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லாமல் "வாங்குங்கள்" என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது அச்சட்டம்.

எதிர்ப்பு பலிக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 2013இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவியை அறிவித்தபோது, பழைய டிஸ்க்கைக் கைமாற்றக் கட்டுப்பாடும், 24 மணி நேரத்துக்கு ஒரு முறை இணையச் சரிபார்ப்பும் வைத்தது. வாங்குவோர் கொதித்தெழவே, அந்த ஆண்டு ஜூன் 19 அன்று இரண்டையும் கைவிட்டது.

கடைக்காரர் செய்ய வேண்டியது

நம் நாட்டில் பொட்டலப் பண்ட விதிகளின்படி பெட்டியில் விலை, உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி, எண்ணிக்கை ஆகியவை இருக்கும். எண்ணிக்கை 1 என்று போட்டிருப்பார்கள். அந்த ஒன்றுக்குள் முழு விளையாட்டு இருக்கிறதா, சாவி மட்டும் இருக்கிறதா என்பதை அந்த வரி சொல்லாது. அதே சமயம், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பண்டத்தின் தரம், அளவு, விலை பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமையை வாங்குபவருக்குத் தந்திருக்கிறது. எனவே நாம் பின்பற்ற வேண்டியவை:

1. சரக்கு இறங்கியதும் பெட்டியின் முன்புறக் கீழ்ப்பகுதியையும் பின்புறச் சிறிய எழுத்தையும் படிக்கவும். கேம்-கீ கார்டு என்பதை முன்புறக் கீழ்ப்பகுதியில் அச்சடித்திருப்பார்கள். மற்றவற்றில் இணைய இணைப்பு தேவை, டவுன்லோட் தேவை என்ற வாசகங்களைத் தேடவும்.

2. மேற்சொன்ன நான்கு வகைகளையும் அலமாரியில் தனித்தனியாக அடுக்கவும். ஒரு சிறு அட்டையில் தமிழில் எழுதி ஒட்டினால் கடைப் பையனும் தடுமாற மாட்டான்.

3. பணம் வாங்குவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்கவும். வீட்டில் இன்டர்நெட் என்ன வேகம்? கருவியில் எவ்வளவு இடம் காலி? எந்தக் கருவி வைத்திருக்கிறீர்கள்? டிஸ்க் போடும் வசதியே இல்லாத பிளேஸ்டேஷன் 5 மாதிரிகளும் உண்டு என்பதால் மூன்றாவது கேள்வி முக்கியம்.

4. பில்லில் "முழு டவுன்லோட் தேவை" என்று ஒரு வரி எழுதவும். நாளைக்குப் பேச்சு வந்தால் அந்த ஒரு வரி நம்மைக் காக்கும்.

5. எண் சீட்டுப் பெட்டியை உறை பிரித்தபின் திரும்பப் பெற முடியாது என்பதை விற்கும்போதே சொல்லவும். விற்ற பிறகு சொன்னால் அது சண்டையாகத்தான் முடியும்.

6. பழைய டிஸ்க் வாங்கி விற்பவர்கள் வகை பார்த்து விலை போடவும். முழுச் சரக்குக்கும் ரசீதுக்கும் ஒரே விலை கொடுத்தால், சர்வர் நிறுத்தப்படும் நாளில் நஷ்டம் நமக்கு.

7. மொத்த வியாபாரிகள் ஆர்டர் போடும்போதே எந்த வகை என்று எழுத்தில் கேட்டு வாங்கவும். சில்லறைக் கடைக்காரருக்கு அந்த விவரத்தைச் சேர்த்து அனுப்புவது மொத்த வியாபாரியின் கடமை.

"இவ்வளவும் சொன்னால் வாங்க வந்தவர் போய்விடுவாரே" என்று சிலர் கேட்கலாம். ஒரு பெட்டி விற்காமல் போகலாம், உண்மைதான். ஆனால் வீட்டிலிருந்தபடியே இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கும்போதும் ஒருவர் படியேறி நம் கடைக்கு வருகிறார் என்றால், கையில் பிடித்துப் பார்த்து, நாலு வார்த்தை கேட்டு வாங்க விரும்புகிறார் என்று பொருள். விளையாட்டை உற்பத்தியாளர் நேரடியாக அனுப்பிவிடுவார். நம்மிடம் மட்டும் கிடைக்கக்கூடியது அந்த நாலு வார்த்தைதான். அதையும் நாம் மறைத்தால் அவர் நம் கடைக்கு வரக் காரணமே இல்லை.

பெட்டிக்குள் எவ்வளவு சரக்கு வைப்பது என்பது உற்பத்தியாளர் கையில் இருக்கிறது. உள்ளே இருப்பதை உள்ளபடி சொல்லி விற்பது நம் கையில் இருக்கிறது. உறுப்பினர்கள் இந்த வாரமே தங்கள் அலமாரியில் உள்ள பெட்டிகளை ஒரு முறை எடுத்துப் படித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.