பேச இயலாதவனின் குரல்

மும்பையின் கிழக்கு ஓரத்தில் அமைந்துள்ளது டிராம்பே. ஒருபுறம் பாபா அணு ஆராய்ச்சி மையம், மறுபுறம் கடற்கழி. அங்குள்ள சீட்டா கேம்ப், 1976ஆம் ஆண்டு ஜனதா காலனியிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட மக்கள் குடியமர்த்தப்பட்ட பகுதி. தமிழ்க் குடும்பங்கள் பல அதன் குறுகிய சந்துகளில் வாழ்ந்து வருகின்றன.

அத்தகைய இல்லம் ஒன்றை மனத்தில் கொள்வோம். இருசக்கர வண்டியில் வேலைக்குச் சென்ற மகனுக்கு விபத்தில் தலையில் பலத்த அடி. பல வாரத் தீவிர சிகிச்சைக்குப் பின் உயிர் பிழைத்து வீடு திரும்புகிறான். கண்கள் திறந்திருக்கின்றன, பேச்சில்லை, கைகால் அசைவில்லை. உணவு குழாய் வழியே செல்கிறது. "என்னை அறிகிறானா?" என்பது தாயின் உள்ளத்தில் எழும் முதற் கேள்வி. நாட்கள் செல்லச் செல்ல அதனினும் கடினமான கேள்வி ஒன்று எழுகிறது: "இவனுக்கு எது நன்மை என்பதை இவனுக்காகச் சொல்லத் தக்கவர் யார்?"

பரேலில் கிடைத்த விடை

இக்கேள்விக்கு அதே மும்பை நகரில் ஒரு விடை கிடைத்தது. பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையின் செவிலியர் அருணா ஷான்பாக், 1973 நவம்பர் 27 அன்று அங்கேயே பணியாளன் ஒருவனால் கொடூரமாகத் தாக்கப்பட்டார். நாய்ச் சங்கிலியால் கழுத்து இறுக்கப்பட்டதால் மூளைக்குப் பிராணவாயு செல்லாமல் தடைப்பட்டது. விபத்தில் தலையில் அடிபடுவதிலிருந்து இது காரணத்தால் வேறுபட்டது. எனினும், நேர்ந்த நிலை ஏறத்தாழ ஒன்றே. அன்று முதல் 2015 மே 18 அன்று மறையும் வரை, நாற்பத்தோரு ஆண்டுகளுக்கும் மேலாக, அம்மருத்துவமனையின் செவிலியர்களே அவரைக் காத்தனர். ஒரு தலைமுறையினர் ஓய்வு பெற்றுச் சென்றனர். அடுத்த தலைமுறையினர் பொறுப்பேற்றனர். அத்தனை ஆண்டுகளில் அவர் உடலில் ஒரு படுக்கைப்புண் கூட ஏற்படவில்லை என்று உச்ச நீதிமன்றத்தில் எடுத்துரைக்கப்பட்டது.

அருணாவின் வரலாற்றை நூலாக எழுதிய பிங்கி விரானி, அவருக்கு உணவு ஊட்டுவதை நிறுத்தி அமைதியாக மறைய விடவேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தை நாடினார். செவிலியர்கள் அதை ஏற்கவில்லை. 2011 மார்ச் 7 அன்று நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. எழுத்தாளரின் அக்கறையை நீதிபதிகள் மதித்தனர். ஆயினும், இரவும் பகலும் பணிவிடை செய்த மருத்துவமனையினரே அருணாவின் சார்பில் பேசத் தக்கவர்கள் என்று கருதினர். பேச இயலாதவருக்காகப் பேசும் தகுதி, அவரைக் கழுவித் துடைத்து ஊட்டிய கைகளுக்கு உண்டு என்பதே அத்தீர்ப்பிலிருந்து நாம் பெறும் பாடம்.

காசியாபாத்தின் பெற்றோர்

வட நாட்டில் இதற்கு நேர்மாறாகத் தோன்றும் ஒரு முடிவு பின்னர் ஏற்பட்டது. சண்டீகரில் பயின்ற மாணவன் ஒருவன் 2013ஆம் ஆண்டு நான்காம் மாடியிலிருந்து விழுந்து மூளையில் கடும் காயமுற்றான். காசியாபாத்தில் பெற்றோர் அவனைப் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பேணினர். முதுமை நெருங்கவே, தங்களுக்குப் பின் மகன் என்னாவான் என்ற கவலை அவர்களை வாட்டியது. குழாய்வழி உணவை நிறுத்த அனுமதி கோரினர். 2024இல் தில்லி உயர்நீதிமன்றம் மறுத்தது. 2026 மார்ச் மாதத்தில் உச்ச நீதிமன்றம் இசைந்தது.

பரேலின் செவிலியர்கள் "வாழட்டும்" என்றனர். காசியாபாத்தின் பெற்றோர் "விடை கொடுப்போம்" என்றனர். இவற்றுள் எது அன்பு? இரண்டுமே அன்புதான். இரு தரப்பாரும் பல்லாண்டுப் பணிவிடைக்குப் பின்னரே அவ்வாறு கூறினர். சலிப்பினால் விரைந்து சொல்லும் சொல்லுக்கும், ஊர் என்ன சொல்லுமோ என்ற அச்சத்தால் சொல்லும் சொல்லுக்கும் அந்த மதிப்பு இல்லை.

பணிவிடையின் முறை

அப்பணிவிடை எத்தகையது? அசைய இயலாதவனை ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது. குதிகால், இடுப்பு, முதுகு ஆகிய இடங்களில் தோல் சிவந்துள்ளதா என்று நாள்தோறும் பார்ப்பது. தலைப்பகுதியை உயர்த்தி வைத்தே உணவு செலுத்துவதும், செலுத்திய பின் உடனே கிடத்தாமல் இருப்பதும். மூட்டுகள் இறுகாதபடி பயிற்சியாளர் காட்டிய முறையில் கைகால்களை மடக்கி நீட்டுவது. மும்பை ஹாஜி அலியில் உள்ள அகில இந்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிறுவனம் போன்ற இடங்களில் இவற்றுக்கு வழிகாட்டுதல் பெறலாம்.

இன்னொன்றும் மறக்கலாகாது. தொடுமுன் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். 2024இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், கட்டளைக்கு வெளிப்படையாக எவ்வித அசைவும் காட்டாத 241 பேரின் மூளைச் செயல்பாடு ஆராயப்பட்டது. அவர்களுள் 60 பேரின் மூளை, சொன்னதை உணர்ந்து செயல்பட்டது கண்டறியப்பட்டது. நால்வரில் ஒருவர்! ஆகவே, "இனி இவனால் என்ன பயன்?" என்று படுக்கையருகே நின்று பேசுபவர், அவன் செவியில் எதை இடுகிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பரேல் கற்பிக்கும் மற்றொரு பாடமும் உண்டு. அங்கே எவரும் தனியாக இச்சுமையைத் தாங்கவில்லை. முறை வைத்துத் தாங்கினர். இல்லங்களிலோ பெரும்பாலும் தாய் ஒருத்தியே தாங்குகிறாள். அவள் முதுகு ஒடிந்தால் மகனின் காப்பும் ஒடியும். தந்தைக்கு ஒரு வேளை, தங்கைக்கு ஒரு வேளை, அண்டை வீட்டாருக்கு வாரத்தில் ஒரு மாலை என்று பங்கிட்டுக் கொள்ள வேண்டும். தாய் அந்நேரத்தில் உறங்கட்டும். அது தன்னலமன்று, நாளைய பணிக்கான முதலீடு. இவ்வாறு பலர் கைபட்டுப் பேணும்போது, அவன் முகத்தின் சிறு மாறுதலையும் அறிந்தவர்கள் பலராவர்.

மருத்துவர் ஒருநாள் குடும்பத்தாரை அழைத்து, "இனி என்ன செய்யலாம்?" என்று கேட்கக்கூடும். அன்று சொல்ல வேண்டிய விடையை அன்றே தேட முடியாது. நேற்றும் இன்றும் அவனைத் திருப்பிப் படுக்க வைத்த கைகளே அவ்விடையைச் சிறிது சிறிதாகக் கற்றுக்கொள்கின்றன. சீட்டா கேம்பின் சிறு அறையில் விடியற்காலை நான்கு மணிக்கு விழித்தெழுந்து, "கண்ணா, அம்மா வந்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மகனைத் தொடும் தாய், அவனுக்காகப் பேசும் தகுதியை அப்பொழுதே பெற்றுக்கொண்டிருக்கிறாள்.