வர்ணம் கடைசியில்

ஆரப்பாளையம்,
மதுரை.

அன்புள்ள தம்பிக்கு,

சோழவந்தான் பக்கத்து நெல் ஆலையின் பின்கட்டில் தவிட்டு மூட்டைகளுக்கு அணையாகக் கிடந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஒன்றை, உன் சேமிப்பையும் உன் மாமாவின் இரக்கத்தையும் கூட்டி விலைக்கு வாங்கியதாக நீ எழுதிய கடிதத்தை வாசித்துப் பெரிதும் சந்தோஷமடைந்தேன். அந்தச் சந்தோஷம் முதற் பக்கத்தோடு முடிந்தது. இரண்டாம் பக்கத்தில் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறாய்: எந்தச் சிவப்பு அடிக்கலாம், கூரையை அறுத்தெறிந்து, சட்டத்தைக் குறுக்கி, அதை ஸ்பிட்பயர் என்னும் விளையாட்டுக் காராக ஆக்கலாமா, பழைய என்ஜினைத் தூக்கிவிட்டு மாருதி என்ஜினை ஏற்றலாமா. பழைய காரை மீட்பதென்றால் அதை வேறொன்றாக மாற்றுவது என்றும், அந்த மாற்றத்தை ஊரார் கண்ணில் படும் இடத்திலிருந்தே ஆரம்பிக்க வேண்டும் என்றும் நினைக்கிற ஒரே தப்பபிப்பிராயத்திலிருந்து கிளைத்தவை இம்மூன்றும். உன் வகுப்புத் தோழர்களும், இந்த வட்டாரத்துப் பட்டறைக்காரர்களிற் பலரும், ஏன், வசதி படைத்த கனவான்களுங்கூட இதே அபிப்பிராயத்தைச் சுமந்து திரிவதைப் பார்த்துப் பார்த்து எரிச்சலடைந்திருக்கிறேன். அதனால் இக்கடிதம் நீளும், பொறுத்துக்கொள். என்ஜின் எப்படிச் சுழல்கிறது, கியர் எப்படி மாறுகிறது என்பனவெல்லாம் உனக்குத் தெரியும், அவற்றைத் தொடமாட்டேன்.

இரண்டாம் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பாதி உண்மை கலந்திருப்பதால் மூன்றிலும் அதுவே அபாயகரமானது. ஹெரால்டும் ஸ்பிட்பயரும் ஒரே குடும்பத்தவை என்று எங்கோ கேள்விப்பட்டிருக்கிறாய், மெய்தான். இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் கம்பெனியின் சிறு கார்களுக்கு உடற்கூடு செய்து கொடுத்துவந்த பிஷர் அண்டு லட்லோ என்னும் தொழிற்சாலையை 1953-இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிக்கொண்டது, அடுத்த காருக்குக் கூடு செய்துதர ஆளில்லாமற் போயிற்று. சட்டமும் கூடும் ஒன்றாய் இணைந்த கார்களை நோக்கி உலகம் சென்றுகொண்டிருந்த அந்தக் காலத்தில், ஹாரி வெப்ஸ்டர் என்னும் பொறியாளர் வேறு வழியின்றிப் பழைய முறைக்குத் திரும்பி, தனிச் சட்டம் ஒன்றை அமைத்து, வெவ்வேறிடங்களில் அடித்தெடுத்த கூட்டின் பகுதிகளை அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கும்படி திட்டமிட்டார். உருவம் வரைந்து கொடுத்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஜியோவன்னி மிக்கெலோட்டி. 1959-இல் வெளிவந்த அந்த டிரையம்ப் ஹெரால்டைத்தான், சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் இயங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆப் இந்தியா நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் நமக்குச் செய்து கொடுத்தது.

சித்திரைத் தேரை மாசி வீதியில் பார்த்து வளர்ந்த உனக்கு இவ்வமைப்பை விளக்குவது எளிது. சிற்பம் செதுக்கிய மரப் பீடமும் சக்கரங்களும் தேரில் நிரந்தரமானவை. மேலே துணியும் கட்டுமாய் எழும் கோபுரம் திருவிழாதோறும் கட்டி அவிழ்க்கப்படுவது. உன் காரும் அவ்வாறே. கதவையும், டிக்கி மூடியையும், ஏன், கூரையையுங்கூடப் போல்டைக் கழற்றி எடுத்துவிடலாம். முன்மூடியோ மட்கார்டுகளோடு சேர்ந்து ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழும், நீ முன்சக்கரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டே என்ஜினில் வேலை செய்யலாம். ஒரு கம்பெனியின் கஷ்டகாலத்தில் பிறந்த இந்த யுக்தி, மாதத்துக்கு ஒரு சிறு தொகை மட்டுமே மிச்சம் பிடிக்கக் கூடிய மாணவனுக்கு வரப்பிரசாதமாக வாய்த்திருக்கிறது: இம்மாதம் ஒரு கதவைக் கழற்றி டிங்கரிடம் கொடு, அடுத்த மாதம் இன்னொன்று. சட்டமும் கூடும் ஒன்றான காரில் இப்படித் தவணை முறையில் வேலை பார்க்க முடியாது. பணமில்லாதவன் வாங்கத் தக்க பழைய கார் எதுவென்று என்னைக் கேட்பவர்களுக்கெல்லாம், தனிச் சட்டம் உள்ளதை வாங்கு என்பதே என் பதில்.

இனி ஸ்பிட்பயருக்கு வருவோம். ஹெரால்டில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 91.5 அங்குலம், ஸ்பிட்பயரில் 83 அங்குலம். மிக்கெலோட்டி வரைந்த அந்தக் காரின் மாதிரி வண்டி, கம்பெனியின் பணமுடையால் ஆலையின் ஒரு மூலையில் துணி மூடிக் கிடந்தது. 1961-இல் கம்பெனியை லேலண்ட் வாங்கியபின், வந்த சொத்துகளைப் பார்வையிட்டவர்கள் துணியை விலக்கிப் பார்த்து உற்பத்திக்கு அனுமதியளித்தார்கள். 1962 அக்டோபரில் லண்டன் கண்காட்சியில் அரங்கேறிய அது, 1980 வரை மூன்று லட்சத்துக்கும் அதிகமாக உற்பத்தியாயிற்று. ஆனால் தம்பி, அவர்கள் வெறுமனே எட்டரை அங்குலத்தை அறுத்துவிட்டு ஒட்டவில்லை. ஹெரால்டின் சட்டத்திலுள்ள பக்கக் குழாய்களை நீக்கி, அவை தாங்கிய பாரத்தைக் கூட்டின் கதவடிப் பெட்டிகளுக்கு மாற்றினார்கள். அதற்குத் தக்கபடி அந்தப் பெட்டிகளைப் பலப்படுத்தினார்கள். நீ அறுத்தால் அந்தப் பாரம் எங்கே போய் உட்காரும் என்று ஒரு தாளில் வரைந்து பார்த்தாயா? வரையாமல் ரம்பத்தை எடுப்பவன் பொறியியல் மாணவன் அல்லன். சட்டமும் உனக்கு விரோதம். நான் சொல்வது இப்போது அரசாங்கத்தின் சட்டம். தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தைத் திருத்துவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது.

உன் ஹெரால்ட் தன்னளவிலேயே விளையாட்டுக் காரின் அங்கங்களைப் பெற்றிருக்கிறது என்பதை யாரும் உனக்குச் சொல்லவில்லை போலும். அக்காலத்து அம்பாசிடருக்கும் பியட்டுக்கும் வாய்க்காத விதமாக இதன் நான்கு சக்கரங்களும் தனித்தனியே ஏறியிறங்குகின்றன. ஏறத்தாழ 25 அடி விட்டத்துக்குள் முழு வட்டம் திரும்பிவிடும். ஆரப்பாளையத்துச் சந்துகளில் வண்டி திருப்பியவர்களுக்கு இதன் மதிப்புத் தெரியும். சென்னைக்கு வடக்கே சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடின. 948 சி.சி. என்ஜின், சுமார் 35 குதிரைத்திறன். இது போதாது என்று உனக்குத் தோன்றினால், அதை நிறுத்துவதற்கு உன்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்.

அங்கேதான் உன் பணம் முதலில் செல்ல வேண்டும். பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி, உட்சுவரை வெளிச்சத்தில் பார். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையதாதலால், நெடுநாள் கிடந்த வண்டியில் அங்கே துரு குழி பறித்திருக்கும். லேத் பட்டறையில் ஸ்லீவ் போட்டுக் கொடுப்பார்கள். ரப்பர் வாஷர்களையும் ஹோஸ்களையும் பார்வைக்கு நன்றாயிருந்தாலும் தயங்காமல் மாற்று. இந்தக் காரில் பிரேக்குக்கு ஒரே எண்ணெய் வழிதான். ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரமும் நிற்காது.

அடுத்தது, இக்கடிதத்தில் நீ வேறெதை மறந்தாலும் மறக்கக் கூடாதது: டிரன்னியன். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான எஃகுத் தண்டின் அடிமுனையில் மறை வெட்டியிருக்கும். அம்மறை, டிரன்னியன் என்னும் வெண்கலக் கட்டைக்குள் இறங்கியிருக்கும். நீ ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மறையிலேயே திருகித் திரும்புகிறது. இதற்குத் தயாரிப்பாளர் விதித்தது கிரீஸ் அன்று, கியர் பெட்டிக்கு ஊற்றும் 90-ஆம் எண் எண்ணெய். ஆனால் நம்மூரில் என்ன நடந்தது? நிப்பிளைக் கண்ட இடத்திலெல்லாம் கிரீஸ் கன்னை வைத்து அழுத்துவது ஒரு பழக்கமாகிவிட்டது. கெட்டியான கிரீஸ் மறையின் இடுக்குகளுக்குள் புகாமல் வாயிலேயே தங்கிவிட, மழைநீர் மட்டும் உள்ளே புகுந்து எஃகைத் தின்றது. ஒருநாள், வேகமாகச் செல்லும்போதுகூட அன்று, வீட்டு வாசலில் மெதுவாக வளைக்கும்போது, தண்டு முறிந்து சக்கரம் மடிந்து படுத்துக்கொண்டது. உடனே, ஹெரால்டின் முன்பக்கம் பலவீனமானது, நம்முடைய சாலைக்கு லாயக்கற்றது என்று ஊரெல்லாம் தீர்ப்புச் சொன்னார்கள்! தப்பான பராமரிப்பைத் தயாரிப்பின் குற்றமாகச் சாற்றும் இந்த வழக்கத்தால் இந்நாட்டில் எத்தனை நல்ல யந்திரங்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயின என்பதைத் தனி நூலாகவே எழுதலாம். எழுதினால் யார் வாசிப்பார்கள் என்பது வேறு விஷயம். ஆகையால் இரு பக்கத்துத் தண்டுகளையும் கழற்றி, மறையைக் கம்பித் தூரிகையால் துலக்கி, தேய்மானத்தையும் குழியையும் பரிசோதி. சந்தேகமிருந்தால் தண்டை மாற்றிவிடு, இதில் கஞ்சத்தனம் கூடாது. பிறகு கிரீஸ் கன்னைச் சுத்தமாகக் கழுவி, அதில் எண்ணெயை நிரப்பி, தண்டின் மேலே கசியும்வரை செலுத்து.

பின்னச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. வளைவில் வேகமாக நுழைந்துவிட்டுப் பயந்து திடீரென ஆக்ஸிலரேட்டரை விட்டால், பின்சக்கரங்கள் உள்மடிந்து வால் வழுக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள். பின்சக்கரங்கள் தனித்தனியே அசையும் இந்த அமைப்பு நம்மவர்களுக்குப் பிடிக்காமற் போனதால், 1972-இல் வந்த ஸ்டாண்டர்ட் கெஸலில் ஒரே திடமான பின்னச்சைப் போட்டார்கள். அச்சு என்றதும் ஞாபகம் வருகிறது: பகலெல்லாம் பட்டறைப் பாடம் நடத்திவிட்டு இரவில் சங்க நூல்களைப் புரட்டுவது எனக்கு நெடுநாளைய பழக்கம். புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார், உப்பு வணிகர்கள் மேடு பள்ளத்தில் என்ன நேருமோ என்று அஞ்சித் தங்கள் வண்டியின் அடியில் ஓர் உபரி அச்சைக் கட்டிக்கொண்டு செல்லும் வழக்கத்தைக் குறிக்கிறார். அதியமான் மகன் பொகுட்டெழினியைப் புகழ வந்த இடத்தில் வண்டியின் அடிமரத்தை அவர் பார்த்திருக்கிறாரே, அந்தப் பார்வைக்காகவே அப்பாட்டை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். உரையாசிரியர்கள் உவமை நயம் பேசுவார்கள். எனக்கோ, வண்டி உடைவதற்கு முன்பே அச்சைத் தேடிவைத்த அந்த வணிகனின் புத்திதான் பெரிது. நீயும் சென்னைப் புதுப்பேட்டைக்கோ கோவை உக்கடத்துக்கோ போகும்போது, ஹெரால்டின் பின்னச்சுத் தண்டோ டிரன்னியனோ கண்ணில் பட்டால், இன்று தேவையில்லை என்று விட்டுவிடாமல் வாங்கி எண்ணெய் தடவி வை.

மூன்றாவதாக என்ஜின். ஆர்வத்தால் ஸ்டார்ட்டரை அழுத்திவிடாதே. நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிச் சில நாள் ஊறவிடு. பின்பு டாப் கியரில் போட்டு, வண்டியைக் கையால் முன்னும் பின்னும் அசைத்துப் பார். சுழன்றால், பழைய எண்ணெயையும் பெட்ரோலையும் வடித்தபின்பே மேற்கொண்டு எதையும் செய். கிராங்க் தேய்ந்திருந்தால், மைக்ரோமீட்டரால் அளந்து, அங்குலத்தில் ஆயிரத்தில் 10, 20, 30 என்று படிப்படியாகக் கடைந்து, அதற்கேற்ற பேரிங் போட வழியிருக்கிறது. மாருதி என்ஜின் ஏற்றுகிறவர்கள் அளப்பதற்குச் சோம்பியவர்கள். இதற்குமேல் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

ஸ்பானரை இரவல் வாங்கும்போது அங்குல அளவுள்ளதை வாங்கு. மில்லிமீட்டர் ஸ்பானர் போல்டின் தலையை மழுங்கடித்துவிடும். ஒயரிங்கில், பாட்டரியின் எந்த முனை சட்டத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறதென்று முதலில் பார். அக்காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனையே சட்டத்தில் இருக்கும். மதுரையில் தோன்றிய டி.வி.எஸ். குழுமம் லூகாஸ் கம்பெனியோடு கூடிச் சென்னைப் பாடியில் தொடங்கிய லூகாஸ்-டி.வி.எஸ்.ஸும் உன் ஹெரால்டும் இந்நாட்டில் ஒரே ஆண்டில், 1961-இல், பிறந்தவை. ஆகவே லூகாஸ் முறை தெரிந்த வயதான எலக்ட்ரீஷியன் ஒருவரை நம்மூரிலேயே நீ தேடிப் பிடிக்கலாம். பழுப்பு ஒயர் எப்போதும் மின்சாரம் உள்ளது, வெள்ளை சாவி திருப்பினால் உயிர் பெறுவது, பச்சை ப்யூஸ் வழியாக வருவது, கறுப்பு சட்டத்துக்குப் போவது; இதை மனப்பாடம் செய்துகொண்டு அவரிடம் போ, மரியாதை கிடைக்கும்.

இவையெல்லாம் முடிந்து, வண்டி தானாக ஓடித் தானாக நிற்கத் தொடங்கியபின் தகட்டுக்கு வா. உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தைத் துணியில் சுற்றி உடம்பெங்கும் நகர்த்து. ஒட்டாத இடத்தில் பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்று அறிந்து, சுரண்டி, துருவை வெட்டியெடுத்துப் பற்றவை. சிவப்பைப் பற்றி அதன்பின் கேள்.

பதிவுச் சான்று இல்லாமல் வாங்கியிருந்தால், மற்றவற்றை நிறுத்திவிட்டு அந்த ஆலைக்காரரிடம் நாளைக்கே போ. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டியைப் பாரம்பரிய வாகனமாகப் பதிவு செய்யலாம். முதற்பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு பத்தாண்டு செல்லும். ஆனால் அன்றாடம் கல்லூரிக்கு ஓட்டிப்போக முடியாது, கண்காட்சிக்கும் கார் ஊர்வலத்துக்கும் பராமரிப்பு ஓட்டத்துக்குந்தான். அதிலும் ஒரு நிபந்தனை உண்டு: சட்டம், கூடு, என்ஜின் மூன்றும் பெருமாற்றம் இன்றி ஆதி வடிவில் இருக்க வேண்டும். நீ கேட்ட மூன்று கேள்விகளில் இரண்டுக்கு அரசிதழே பதில் சொல்லிவிட்டது பார்.

என்னிடமுள்ள ஹெரால்ட் பட்டறைக் கையேட்டை உன் மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். ஒரு மாதத்துக்குள் மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டத்தையும், இரு டிரன்னியன்களின் நிலையையும் அளந்து எழுது. கையேட்டில் எண்ணெய்க் கறை படலாம், அது குற்றமில்லை. பக்கம் மடித்தால் மட்டும் அடுத்த புத்தகம் கிடையாது.

இப்படிக்கு,
உன் நலம் விரும்பும் ஆசிரியன்