வார்டைத் தாண்டி யோசிப்பவரே மேயர்: கவுன்சிலர்களுக்கு ஒரு வழிகாட்டி

2022 மார்ச் 4, காலை 9.30 மணி. தமிழ்நாட்டின் 21 மாநகராட்சிகளிலும் மேயர் தேர்தல் தொடங்கியது. வாக்களித்தவர்கள் இரண்டு நாள் முன்பு பதவியேற்ற கவுன்சிலர்கள். பிற்பகல் 2.30 மணிக்குத் துணை மேயர் தேர்தல். பல ஊர்களில் போட்டியே இல்லை. பொழுது சாய்வதற்குள் 21 நகரங்களுக்கும் மேயர்கள் வந்துவிட்டார்கள்.

அந்த மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சோடு முடிகிறது. இன்று வார்டு உறுப்பினராக இருக்கும் பலருக்கு அடுத்த முறை மேயர் நாற்காலியில் அமரும் ஆசை இருக்கும். இருக்கட்டும், அது நல்ல ஆசைதான். ஆனால் கட்சி மேலிடத்தின் பட்டியல் வெளியாகும் அன்று இரவு ஓடத் தொடங்கினால் காலம் கடந்துவிடும். மேயர் ஆவதற்கான வேலை கவுன்சிலராகப் பதவியேற்ற மறுநாளே தொடங்குகிறது. அந்த வேலை என்னவென்று பார்ப்போம்.

விதியைத் தெரிந்துகொள்ளுங்கள்

இப்போதுள்ள முறையில் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. கவுன்சிலர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே மேயர் ஆக வேண்டுமானால் முதலில் ஒரு வார்டில் ஜெயிக்க வேண்டும். அதற்குக் குறைந்தபட்ச வயது 21.

இந்த முறை நிலையானதல்ல. 1996, 2001, 2011 ஆண்டுகளில் மக்களே மேயருக்கு வாக்களித்தார்கள். 2006இலும் 2022இலும் கவுன்சிலர்கள் வாக்களித்தார்கள். இடையில் சட்டம் பலமுறை மாறியது. நாளை மறுபடி மாறலாம். ஆகவே இரண்டுக்கும் தயாராக இருங்கள். மறைமுகத் தேர்தலில் சக உறுப்பினர்களின் நம்பிக்கை வேண்டும். நேரடித் தேர்தலில் நகரம் முழுக்க உங்கள் பெயர் தெரிய வேண்டும். எந்த முறையானாலும் ஊரை முழுசாகத் தெரிந்தவருக்கே மதிப்பு.

அடுத்தது இடஒதுக்கீடு. 2022இல் 21 மேயர் பதவிகளில் 11 பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. சென்னையும் தாம்பரமும் பட்டியலினப் பெண்களுக்கு, ஆவடி பட்டியலினப் பொதுப் பிரிவுக்கு. சென்னையில் பிரியா ராஜன் 28 வயதில் மேயரானார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் தலித் பெண் அவர். உங்கள் ஊரில் பதவி எந்தப் பிரிவுக்குப் போகும் என்பது அரசிதழில் வரும்வரை யாருக்கும் உறுதியில்லை. உங்கள் வார்டின் ஒதுக்கீடும் மாறலாம். ஒரே ஒரு வார்டின் ஆதரவை மட்டும் நம்பி வளர்பவருக்கு அந்த வார்டு கைநழுவினால் வேறு இடமில்லை. மண்டலம் முழுதும் அறிமுகம் உள்ளவர் பக்கத்து வார்டில் நின்றும் ஜெயிப்பார்.

எது யாருடையது?

வளரும் நகரத்துக்குத் தாம்பரம் நல்ல உதாரணம். தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 2021இல் அது மாநகராட்சியானது. வார்டுகள் 70. பத்து உள்ளாட்சிகளின் பழைய கணக்கும், பத்து விதமான குடிநீர் ஏற்பாடும், பத்து ஊர்க் குப்பையும் ஒரே மன்றத்தின் முன் வந்தன. அங்கே மேயராக நினைப்பவருக்குப் பம்மல் தெரு மட்டும் தெரிந்தால் போதாது. மாடம்பாக்கத்தின் ஏரியும் தெரிய வேண்டும், பெருங்களத்தூரில் மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதும் தெரிய வேண்டும்.

வளரும் ஊரில் பாதிச் சண்டை "இது எங்கள் வேலை இல்லை" என்ற பதிலில்தான் தொடங்குகிறது. வேளச்சேரி–தாம்பரம் சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. ஜிஎஸ்டி சாலை தேசிய நெடுஞ்சாலை. பெரிய ஏரிகள் நீர்வளத் துறையின் கையில். மின்கம்பம் மின்வாரியத்துக்கு, அதில் எரியும் தெருவிளக்கு மாநகராட்சிக்கு. பெரிய கட்டடத்துக்கான திட்ட அனுமதி சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திடம் (சிஎம்டிஏ). சென்னை மாநகராட்சியிலோ குடிநீரும் கழிவுநீரும் பெருநகர் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு.

ஒரு நோட்டு வாங்குங்கள். உங்கள் மண்டலத்தின் ஒவ்வொரு முக்கியச் சாலை, கால்வாய், ஏரி, பள்ளி, சுகாதார நிலையத்துக்கு எதிரே எந்தத் துறை, எந்த அலுவலகம், எந்தப் பொறியாளர் பதவி என்று எழுதுங்கள். ஆறு மாதத்தில் அந்த நோட்டு உங்களை மன்றத்தில் தனித்துக் காட்டும். ஒரு கால்வாய் அடைத்துக்கொண்டதும் பத்து உறுப்பினர்கள் ஆணையரைத் திட்டிக்கொண்டிருக்கும்போது, சரியான உதவிச் செயற்பொறியாளரின் மேசைக்கு மனுவோடு போனவர் நீங்களாக இருப்பீர்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு கரை மீறி முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளை மூழ்கடித்தது. வெள்ளம் வார்டு எல்லை பார்ப்பதில்லை. மாநகராட்சி எல்லையையும் பார்ப்பதில்லை. பக்கத்து ஊராட்சியோடும் மாவட்ட நிர்வாகத்தோடும் பேசத் தெரியாதவர் ஒரு மழைக்காலத்தைக்கூடச் சமாளிக்க முடியாது.

அஜெண்டாவைக் கடைசிப் பக்கம்வரை படியுங்கள்

மன்றக் கூட்டத்துக்கு முன் ஒரு கட்டுப் பொருள்நிரல் வீட்டுக்கு வரும். அதில் தன் வார்டு எண் எங்கே வருகிறது என்று மட்டும் தேடிவிட்டு மூடி வைப்பவர்கள் உண்டு. மேயராகும் எண்ணம் உள்ளவர் அப்படிச் செய்யக் கூடாது.

ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு தெருவில் மழைநீர் வடிகால். அதில் நான்கைப் பாருங்கள். முதலாவது, நிதி ஆதாரம்: பொது நிதியா, நிதிக்குழு மானியமா, கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டமா, மக்கள் பங்களிப்போடு வரும் நமக்கு நாமே திட்டமா? இரண்டாவது, அளவு: நீளம், அகலம், ஆழம். மூன்றாவது, அந்த வடிகால் எங்கே போய்ச் சேர்கிறது? கடைசியில் கால்வாயோடு இணையாத வடிகால் கொசு வளர்க்கும் தொட்டியாகிவிடும். நான்காவது, இது இனி தொடங்கப்போகும் பணியா, அல்லது முன் அனுமதி பெற்று ஏற்கெனவே முடித்துவிட்டு மன்றத்தின் பின்னேற்புக்கு வந்திருப்பதா? பின்னேற்புப் பட்டியல் ஒவ்வொரு மாதமும் நீண்டுகொண்டே போனால், மன்றம் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டது என்று பொருள்.

இந்த நான்கையும் கேட்டுவிட்டு, நேரமில்லா நேரத்தில் இரண்டு நிமிடம் பேசுங்கள். குரலை உயர்த்த வேண்டாம். தெருப் பெயர், தேதி, தொகை மூன்றும் சரியாக இருந்தால் அதிகாரிகள் குறிப்பெடுப்பார்கள். சக உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்துக்கு முன் உங்களிடம் சந்தேகம் கேட்க வருவார்கள். உங்கள் ஆதரவாளர் வட்டம் அங்கேதான் உருவாகிறது.

பணம் எங்கிருந்து வருகிறது?

மாநகராட்சிப் பட்ஜெட்டில் பொதுவாக மூன்று பிரிவுகள்: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, கல்வி நிதி. மூன்றையும் தனித்தனியாகப் படியுங்கள். சொத்து வரி, தொழில் வரி, கட்டட அனுமதிக் கட்டணம் ஆகியவை உள்ளூர் வருமானம். மாநில நிதி ஆணையப் பகிர்வும் மத்திய நிதிக்குழு மானியமும் மேலிருந்து வருபவை.

2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்தபோது ஒவ்வொரு கவுன்சிலரின் வாசலிலும் மக்கள் நின்றார்கள். அந்த மாதிரி நேரத்தில் "நான் எதிர்த்தேன்" என்பது எளிய பதில். நம் வார்டில் இவ்வளவு வசூலாகிறது, இவ்வளவு நிலுவை, இந்தப் பணத்தில் இந்த வேலை நடக்கிறது என்று கணக்கோடு சொல்பவருக்குத்தான் நகரத்தை ஒப்படைக்கலாம். இதைக் கற்க வழி எளிது: வரிவிதிப்பு மற்றும் நிதி நிலைக்குழுவிலோ பணிகள் நிலைக்குழுவிலோ இடம் கேளுங்கள். பலர் மண்டலத் தலைவர் பதவிக்கு முட்டி மோதுவார்கள். நிலைக்குழு உறுப்பினர் பதவியில் கிடைக்கும் படிப்பு அதைவிடப் பெரியது.

சக உறுப்பினர்கள்தான் உங்கள் வாக்காளர்கள்

கட்சிக்குப் பெரும்பான்மை இருந்தால் போதும், மேயர் தானாக வந்துவிடுவார் என்று நினைக்காதீர்கள். 2022இல் கடலூரில் கட்சி அறிவித்த வேட்பாளருக்கு எதிராக அதே கட்சியைச் சேர்ந்தவர் நின்றார், அறிவிக்கப்பட்டவரே ஜெயித்தார். திருநெல்வேலியில் மேயர் ராஜினாமா செய்தபின் 2024 ஆகஸ்டில் தேர்தல் நடந்தது. 55 பேர் கொண்ட மன்றத்தில் அப்போதைய ஆளுங்கட்சிக்கு அசைக்க முடியாத பலம் இருந்தும், கட்சி வேட்பாளருக்கு விழுந்தவை 30 வாக்குகள். சொந்தக் கட்சிக்காரரான போட்டியாளருக்கு 23. வாக்குப்பதிவு ரகசியம் என்பதை நினைவில் வையுங்கள்.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் இந்தக் கணக்கு தொடரும். காஞ்சிபுரத்தில் 2024 ஜூலையில் மேயர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வரை போனது. உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வராததால் அது தோற்றது. ஆனாலும் மேயரின் நேரமும் நகரத்தின் நேரமும் சண்டையில் கரைந்தன.

இதைத் தவிர்க்க மூன்று பழக்கங்கள் போதும். உங்கள் வார்டுக்கு வந்த வேலையால் பக்கத்து வார்டுக்குப் பாதிப்பு வந்தால் அந்த உறுப்பினரிடம் முதலில் நீங்களே பேசுங்கள். எதிர்க்கட்சி உறுப்பினர் நியாயமான கோரிக்கை வைத்தால் வழிமொழியுங்கள். புதிதாக வந்த உறுப்பினருக்கு மனு எழுதவும் மதிப்பீடு படிக்கவும் சொல்லிக்கொடுங்கள். வாக்குக்காகப் பரிசும் சுற்றுலாவும் தருவதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். விலைக்கு வாங்கிய ஆதரவுக்கு ஒவ்வொரு ஒப்பந்தப்புள்ளியிலும் வட்டி கட்ட வேண்டிவரும்; அந்த வட்டியை ஊர் மக்கள் பள்ளமான சாலையாகச் சுமப்பார்கள்.

கட்சிக்கு உங்கள் வேலை தெரியட்டும்

வட்டச் செயலாளர், பகுதிச் செயலாளர், மாவட்டச் செயலாளர் என்று படிப்படியாகப் பெயர் மேலே போகிறது. அவர்களைத் தேடிப் போய் வணக்கம் வைப்பது மட்டும் போதாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரே ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: எடுத்த பிரச்சினை, நிறைவேறிய தீர்மானம், முடிந்த பணி, நிலுவையில் உள்ளது. கும்பகோணம் மாநகராட்சியின் முதல் மேயர் சரவணன் ஆட்டோ ஓட்டிப் பிழைத்தவர். செல்வமும் குடும்பப் பின்னணியும் இல்லாதவரும் அந்த நாற்காலிக்குத் தகுதியானவர் என்று கட்சிகள் நம்பத் தொடங்கியிருக்கின்றன. அந்த நம்பிக்கைக்குச் சான்றாக உங்கள் வேலை காகிதத்தில் இருக்கட்டும்.

பெண் உறுப்பினர்களுக்குத் தனியாக ஒரு சொல்

தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. ஆனாலும் ஆய்வுக்குக் கணவர் போவதும், அதிகாரி கணவரின் கைபேசிக்கே அழைப்பதும் இன்னும் பல ஊர்களில் நடக்கிறது. இதை முதல் நாளிலேயே நிறுத்துங்கள். அலுவலகத்தில் உங்கள் எண்ணை மட்டும் கொடுங்கள். உதவிப் பொறியாளர், சுகாதார ஆய்வாளர், பில் கலெக்டர், தூய்மைப் பணி மேற்பார்வையாளர் ஆகிய நால்வரையும் நீங்களே நேரில் சந்தியுங்கள். அதிகாலையில் தூய்மைப் பணியாளர்கள் வருகைப்பதிவு செய்யும் இடத்துக்கு வாரம் ஒருநாள் போங்கள். ஒரு வார்டின் உண்மையான நிலையை அவர்களைவிட நன்றாகச் சொல்பவர் யாருமில்லை.

பகுதி சபாவே பயிற்சிக்களம்

2022 நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று நகர்ப்புறங்களில் முதன்முறையாகப் பகுதி சபாக் கூட்டங்கள் நடந்தன. பம்மலில் நடந்த கூட்டத்தில் அப்போதைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்டார். மக்கள் நேரில் வந்து குறை சொல்லும் இந்தச் சபாக்களை உள்ளடக்கிய வார்டுக் குழுவுக்குக் கவுன்சிலரே தலைவர். பகுதி சபாக் கூட்டத்தைத் தவறாமல் நடத்துங்கள். சென்ற முறை வந்த கோரிக்கைகளில் எவை முடிந்தன, எவை முடியவில்லை, ஏன் என்று முதல் பத்து நிமிடத்தில் வாசியுங்கள். கோபத்தோடு வந்தவரை முடிக்கும்வரை பேசவிடுங்கள். இருநூறு பேர் முன் இதைச் செய்யத் தெரிந்தவருக்கு மாமன்றத்தை நடத்துவது கைவரும்.

பதவி தருவது என்ன?

2023 ஜூலை முதல் மாநகராட்சி மேயருக்கு மாத மதிப்பூதியம் ரூ.30,000, துணை மேயருக்கு ரூ.15,000, கவுன்சிலருக்கு ரூ.10,000. இதை நம்பி யாரும் குடும்பம் நடத்த முடியாது. ஆகவே நேர்மையான வருமானத்துக்கு ஒரு தொழிலோ வேலையோ இருக்கட்டும். அது மாநகராட்சி ஒப்பந்தத்தோடு எந்த விதத்திலும் தொடர்பில்லாததாக இருக்க வேண்டும். நிர்வாக அதிகாரம் பெரும்பாலும் ஆணையரிடம். மேயரின் பலம் மன்றத்தின் தீர்மானத்திலும், கூட்டத்தை நடத்தும் திறமையிலும், கேள்வி கேட்கும் உறுதியிலும் உள்ளது. தகுந்த முன்தயாரிப்பு இல்லாத மேயர் திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டுவதோடு நின்றுபோவார்.

இந்த மாதமே தொடங்க

1. கடந்த இரண்டு ஆண்டு பட்ஜெட்டையும் வாங்கி, உங்கள் மண்டலத்துக்கு ஒதுக்கியதையும் செலவானதையும் எதிரெதிரே எழுதுங்கள்.

2. உங்கள் வார்டு அல்லாத ஐந்து வார்டுகளை அந்தந்த உறுப்பினரோடு நடந்து பாருங்கள்.

3. நகரத்தின் குப்பை கடைசியில் போய்ச் சேரும் கிடங்கையும், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தையும் நேரில் போய்ப் பாருங்கள்.

4. தேர்தல் செலவுக் கணக்கு, சொத்து விவரம், வரி ரசீதுகளை ஒரே கோப்பில் ஒழுங்காக வையுங்கள்.

5. நகரம் முழுமைக்கும் பயன்படும் ஒரே ஒரு கோரிக்கையைத் தேர்ந்தெடுத்து, அது தீர்மானமாகும்வரை விடாதீர்கள்.

பட்டியலில் உங்கள் பெயர் வரலாம், வராமலும் போகலாம். ஒதுக்கீடும் கூட்டணியும் உங்கள் கையில் இல்லை. ஆனால் இந்த ஐந்தையும் செய்த கவுன்சிலர் இருக்கும் மன்றத்தில் எந்த மேயரும் அலட்சியமாக இருக்க முடியாது. வேகமாக வளர்கிற ஊருக்கு அப்படிப்பட்ட உறுப்பினர்கள் பத்துப் பேராவது வேண்டும். அவர்களில் ஒருவர் மேயரானால், பதவியேற்ற மறுநாள் காலையிலேயே அவரால் வேலையைத் தொடங்க முடியும்.