வாளி ஏன் வெடிக்கிறது?

கூலிக் காசில் இரண்டு வாளி வாங்குகிறோம். ஒன்று பல வருடம் உழைக்கிறது. மற்றது சில மாதத்தில் கைபிடியடியில் வெடித்துவிடுகிறது. வெய்யிலைக் குறை சொல்கிறோம். வெய்யிலும் காரணம்தான். ஆனால் சில வாளிகள் தொழிற்சாலையிலேயே பாதிப் பலத்தை இழந்துதான் சந்தைக்கு வருகின்றன.

தும்பும் கயிறும்

பிளாஸ்ரிக் மிக நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளால் ஆனது. தும்புக் கயிற்றை நினைத்துப் பாருங்கள். நீளமான தும்பில் திரித்த கயிறு பலமானது. கட்டையான தும்பில் திரித்தால் இலேசாக அறும். பிளாஸ்ரிக்கும் அப்படியே. சங்கிலிகள் அறுந்து கட்டையானால் பொருள் நொய்ந்துவிடும்.

சங்கிலியை அறுப்பவை

1. மிகை வெப்பம்: பல வாளிகள் பொலிபுரொப்பிலீனால் ஆனவை. அது ஏறத்தாழ 165 பாகை செல்சியசில் உருகும். வார்ப்பதற்கு 200 பாகைக்கு மேல் சூடாக்குவார்கள். சூடு அளவுக்கு மிஞ்சினாலும், உருகிய பிளாஸ்ரிக் இயந்திரத்துள் நெடுநேரம் தங்கினாலும் சங்கிலி அறும்.

2. காற்று: சூட்டில் ஒட்சிசன் சங்கிலியைத் தாக்கும். அதைத் தடுக்க ஒரு காப்புப் பொருள் சேர்ப்பார்கள். ஒவ்வொரு முறை உருக்கும்போதும் அதில் ஒரு பங்கு செலவாகிவிடும். புதிதாகச் சேர்க்காமல் திரும்பத் திரும்ப உருக்கினால் பிளாஸ்ரிக் பலமிழக்கும்.

3. ஈரம்: சோடாப் போத்தல் செய்யும் பிளாஸ்ரிக்கை உலர்த்தாமல் உருக்கினால் நீரே சங்கிலியை வெட்டும்.

நமது கையாலும் நடக்கிறது

பீ.வீ.சி. குழாயின் வாயை அகலமாக்க அதை நெருப்பில் காட்டுகிறோம். 80 பாகையளவிலேயே அது இளகத் தொடங்கும். சுவாலையிலோ 200 பாகையைத் தாண்டிவிடும். அப்போது குழாய் மஞ்சளாகி, பின் மண்ணிறமாகும். மூக்கை அரிக்கும் புகை வரும். அது சங்கிலியிலிருந்து கழன்று வரும் ஐதரசன் குளோரைட்டு வாயு. மண்ணிறமான இடம் நொய்ந்த இடம். பம் பூட்டித் தண்ணீர் இறைக்கும்போது அவ்விடம் வெடிக்கக்கூடும்.

நாம் செய்யக்கூடியவை

* குழாயைப் பொருத்த இயன்றவரை சொக்கற் பாவியுங்கள். சூடாக்கத்தான் வேண்டுமென்றால் சிறிய குழாயைக் கொதிநீரில் பிடித்து இளக்குங்கள்.
* நிறம் மாறிய துண்டை வெட்டி எறியுங்கள். அந்தப் புகையைச் சுவாசிக்க வேண்டாம். பழைய குழாயை அடுப்பில் எரிக்கவும் வேண்டாம்.
* வாளி வாங்கும்போது விளிம்பை மெதுவாக அமர்த்துங்கள். அது வளைந்து மீளவேண்டும். கரும்புள்ளியும் எரிந்த மணமும் இருந்தால் வாங்காதீர்கள்.
* எதை உருக்கிச் செய்ததென்று தெரியாத வாளியை எரு, மண் சுமக்க வைத்திருங்கள். குடிதண்ணீருக்கு வேண்டாம்.
* வெடித்த வாளியைச் சூட்டுக் கம்பியால் ஒட்டும்போது புகை வந்தால் சூடு கூடிவிட்டது. கம்பியை எடுத்து ஆறவிடுங்கள்.

குழுவாகப் பேசுவோம்

1. நமது வீடுகளில் வெடித்த பொருட்கள் எவை? எந்த இடத்தில் வெடித்தன?
2. மலிவான வாளியை வருடத்துக்கு எத்தனை தடவை மாற்றுகிறோம்? அந்தக் காசுக்கு நல்ல வாளி ஒன்று வாங்கலாமா?